பதிவேட்டில் ஒரு வரி அதிகம்

காபி கவிழ்ந்தது கண்ணாடிக்காரரின் தவறுதான். டம்ளரை வருகைப் பதிவேட்டின் மேல் வைத்தவரும் அவரே, இருமியவரும் அவரே, தள்ளி வைக்கும்படி மனைவி முன்கூட்டியே சொன்னபோது "எனக்குத் தெரியாதா?" என்றவரும் அவரே.

வாரநாட்களில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. யாருக்கு எது தெரியவில்லை என்று பார்த்துச் சொல்வது தொழில். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் சம்பளமில்லாத தமிழ் வாத்தியார். அம்மாவும் அப்பாவும் தமிழில் கேட்டால் பிள்ளை வேறு பாஷையில் பதில் சொல்கிற குடும்பங்கள் பன்னிரண்டு சேர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் காலியாகக் கிடந்த அறையைக் கெஞ்சி வாங்கியிருந்தன. வாத்தியார் கிடைக்கவில்லை. இவர் கிடைத்தார்.

நனைந்த தாளில் பெயர்கள் கரைந்து ஒன்றோடொன்று உறவாடிக்கொண்டிருந்தன. வரிகளை எண்ணினார். பதின்மூன்று. புதுத் தாளில் ஓரமாக ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண் போட்டு, நினைவிலிருந்த பெயர்களை எழுதினார். பன்னிரண்டோடு பெயர் தீர்ந்துவிட்டது. ஒரு பிள்ளையைக் காபி தின்றுவிட்டதே என்று பதறி, மனதில் முதலில் வந்த ஒரு பெண்பெயரைக் கடைசி வரியில் எழுதி, வயது பத்து என்றும் போட்டு, அன்றைக்கே பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் குளிக்கும்போது, சோப்பு கண்ணில் இருந்த நேரத்தில், விளங்கியது. அவர் எண்ணிய முதல் வரி பிள்ளையே இல்லை. 'எண், பெயர், வயது' என்ற தலைப்பு.

திங்கட்கிழமை திருத்தப் போனார். அலுவலகத்து அம்மாள் அவரைப் பேச விடவில்லை.

"நல்ல காரியம் பண்ணீங்க சார். பதின்மூணு பேருக்குக் குறைஞ்சா அறை கிடையாதுன்னு புதுசா உத்தரவு. உங்களுது பன்னிரண்டுன்னு நினைச்சு, மூடச் சொல்லிக் கடிதமே அடிச்சு வெச்சிருந்தேன்." அந்தக் கடிதத்தை அவர் கண் முன்னால் இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

திருத்தப் போனவர் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

*

ஆள் இல்லாத பள்ளிக்கூடம் ஒரு தினுசு. நாற்காலிகளெல்லாம் மேஜைமேல் ஏறிக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வராந்தாவில் நடந்தால் நம் காலடிச் சத்தம் நமக்கு இரண்டடி பின்னால் வரும். நாம் நின்ற பிறகும் ஒரு அடி எடுத்து வைக்கும்.

அறையின் கதவை ஒட்டி ஒரு இரும்பு பீரோ. வாசலில் நிற்பவருக்கு அதன் பின்னாலிருக்கும் கடைசி பெஞ்சு தெரியாது. எண்கள் பழகட்டும் என்று கண்ணாடிக்காரர் பெயருக்குப் பதிலாக எண்ணைத்தான் கூப்பிடுவார். பிள்ளைகளும் தங்களுக்குள் எண்ணையே பெயராக்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வாயாடி. பதினொன்றுக்கு எந்நேரமும் பசி. எட்டு கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான்.

தப்பாய்ப் பேசிப் பேசித்தான் பாஷை வரும் என்பது அவருடைய கொள்கை. தப்பு வந்தால் சிரிப்பதும் அவருடைய கொள்கைதான். முதல் வாரமே ஒரு குழந்தை அப்பாவின் சட்டையைப் பற்றிச் சொல்ல வந்து, அவசரத்தில் சட்டையை விட்டுவிட்டு, "எங்கப்பாவை நேத்து துவைச்சுக் காயப்போட்டோம்" என்றது. வகுப்பே புரண்டு சிரித்தது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரு மாதம் சொல்லிச் சிரித்தார். சொன்ன பிள்ளை எது என்பதுதான் அவருக்கு மறந்துபோனது.

உத்தரவு வந்த மூன்றாவது வாரம், அலுவலகத்து அம்மாள் ஒரு தாளும் பேனாவுமாக வாசலில் வந்து நின்றார். நீங்கள் பாட்டுக்குக் கூப்பிடுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன் என்றார்.

பன்னிரண்டு வரை ஒழுங்காகப் போயிற்று. அடுத்தது என்ன என்று அந்தம்மாள் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பதின்மூணு."

மின்விசிறி மட்டும் கறகறவென்று சுற்றியது. பிறகு பீரோப் பக்கமிருந்து ஒரு சின்னச் செருமல். அதற்குப் பிறகு, இதுவரை அவர் கேட்டேயிராத ஒரு குரல்.

"வந்திருக்கேன்."

அந்தம்மாள் குறித்துக்கொண்டு போய்விட்டார். கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்தார். தலைகளை எண்ணினார். பன்னிரண்டு. அந்தப் பக்கமிருந்து எண்ணினார். அப்போதும் பன்னிரண்டு.

"யாரு இப்ப பதில் சொன்னது?"

"பதின்மூணு சார்," என்றான் ஐந்து.

"பதின்மூணு யாரு?"

"நீங்கதானே சார் கூப்பிட்டீங்க? கூப்பிட்டா வரமாட்டாங்களா?"

பதினொன்று தலையை ஆட்டினாள். அது நியாயம்தான் என்பதுபோல் எல்லாத் தலைகளும் ஆடின. அவர் போய் பீரோவைத் திறந்தார். சுருட்டி வைத்திருந்த வரைபடங்கள் சரிந்து தலையில் விழுந்தன. எட்டு எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று திருத்துவதற்கு நோட்டுகளை வாங்கிப் பையில் போட்டார். வீட்டில் எடுத்து அடுக்கியபோது பதின்மூன்று இருந்தன.

*

மற்ற பிள்ளைகளுடைய கட்டுரைகள் சுருக்கமானவை. 'இது நாய். நாய் நல்லது. முடிந்தது.' பதின்மூன்றாவது நோட்டில் இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

'நான் பதின்மூன்று. எனக்கு சனிக்கிளமை மட்டும்தான் உயிர் இருக்கு. மத்த நாள் நான் இல்லே. நான் எல்லாரையும் பாக்கிறேன். என்னை யாரும் பாக்கலே. எனக்கு அது பிடிச்சிருக்கு.'

நோட்டை மனைவியிடம் நீட்டினார். மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் வாசித்தாள்.

"பேய்ங்கிறீங்களா?"

"பேய்னு சொல்லலை. ஆளும் இல்லைங்கிறேன்."

"எத்தனை பிழை இருக்கு?"

"மொத்தமா இருபத்தேழு."

"அப்ப திருத்திக் குடுங்க. யாரா இருந்தா என்ன, படிக்க வந்திருக்குல்ல?"

திருத்தினார். பிள்ளைகளுடைய நோட்டில் ஓரத்தில் ஏதாவது கேலி எழுதுவது அவர் வழக்கம். இதில் எழுதவில்லை. இன்னதென்று தெரியாததைக் கேலி பண்ண அவருக்குத் தைரியம் கிடையாது. மிக மரியாதையாக, பிழைகளை ஒவ்வொன்றாக விளக்கி, கீழே 'நன்று, இன்னும் எழுதவும்' என்று முடித்தார். அடுத்த சனிக்கிழமை அந்த நோட்டை பீரோமேல் வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். எழுதி முடித்துத் திரும்பியபோது நோட்டு இல்லை.

அன்றைக்கு வேண்டுமென்றே பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டார். கூப்பிடாவிட்டால் வராதல்லவா? வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்தால் நோட்டு இருந்தது.

'இன்னைக்கு என்னை கூப்பிடலே. நான் வந்திருந்தேன். அடுத்த வாரமும் வருவேன்.'

அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடக் கூப்பிடத் தவறவில்லை. பதிவேட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "பதின்மூணு" என்பார். செருமல் வரும், குரல் வரும். தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியதுதானே என்று மனைவி கேட்டாள். நிமிர்ந்து பார்த்து, அங்கே யாரும் இல்லாவிட்டால் என்ன செய்வது? கடையில் வாடிக்கையாளர்கள் அட்டையிலிருக்கும் எழுத்துகளை வாசிக்கும்போது, கூடவே பின்னாலிருந்து இன்னொரு குரல் வாசிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

குரலுக்கு நாளாக நாளாகத் துணிச்சல் வந்தது. ஒரு வாரம், "வந்திருக்கேன், ஆனா லேசா தலைவலி" என்றது.

"உடம்பைப் பாத்துக்கோம்மா," என்று கண்ணாடிக்காரர் மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

*

இப்படியே போயிருந்தால் இரண்டு தரப்பும் சமாதானமாகக் காலம் தள்ளியிருக்கும். தலைமையாசிரியர் நோட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றார். கண்ணாடிக்காரர் வாடிக்கையாளர் காத்திருந்த அவசரத்தில் கட்டைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டார். தலைமையாசிரியருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. எந்த நோட்டில் சிவப்பு மை அதிகமோ அதுவே வாத்தியார் அதிகம் பாடுபட்ட பிள்ளை என்று முடிவுகட்டி, பதின்மூன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார். வருகிற சனிக்கிழமை அவர் முன்னிலையில் அந்தப் பெண் வாசிக்க வேண்டும். அவர் திருப்திப்பட்டால் அறை நிரந்தரம்.

கண்ணாடிக்காரர் அலுவலகத்துக்கு ஓடி, அந்தப் பிள்ளை குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார்.

"அடடா. அப்ப பன்னிரண்டுதானே?" அந்தம்மாள் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார்.

"போகப் போறாங்க. இன்னும் போகலை. இப்ப ஜுரம்."

"அம்மா நம்பர் குடுங்க, விசாரிக்கறேன்."

வாயில் வந்த நம்பரைச் சொன்னார். அது அவருடைய மனைவியின் நம்பர். வீட்டுக்கு மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் பேச்சு முடிந்திருந்தது.

"ஜுரம் விட்டுடுச்சு, சனிக்கிழமை கட்டாயம் வருவான்னு சொல்லிட்டேன்," என்றாள் மனைவி.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"நோட்டெல்லாம் நானும்தானே வாசிக்கிறேன்? தங்கமான பொண்ணு. ஜுரத்துல போட்டு வைக்க மனசு வரலை."

*

சனிக்கிழமை அரைமணி முன்னதாகவே போய்விட்டார். அறையில் யாரும் இல்லை. இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத மாதிரி இல்லை. கடைசி பெஞ்சைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு தடவை," என்றார் தாழ்ந்த குரலில். "கண்ணுக்குத் தெரியாட்டியும் பரவாயில்லை. வாசிச்சா போதும். எனக்காக இல்லை, இந்தப் பன்னிரண்டு பேருக்கும் போக வேற இடம் கிடையாது."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. உயிர் போய் வந்தது. எட்டின் அம்மா, எட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தையல் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள் போலிருக்கிறது. கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது.

மகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிடலாம் என்று வந்திருப்பதாகச் சொன்னாள். வீட்டில் தமிழில் ஒரு வார்த்தை கிடையாது, கேட்டால் தலையாட்டல்தான். வகுப்பிலும் அப்படித்தான் என்று மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்கிறார்களாம்.

"ஆறு மாசமாச்சு சார். உங்க மேல குத்தம் சொல்லலை. அவளுக்கு வராது போலிருக்கு. எதுக்கு வதைக்கணும்? பதிவேட்டுல எட்டை அடிச்சிடுங்க."

எட்டு போனால் மிச்சம் பதினொன்றும் ஒரு குரலும். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்றார் கண்ணாடிக்காரர். தன்னைத் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள் அவள். எட்டை நிமிர்ந்து பார்த்தார். வட்ட முகம், புருவத்தில் ஒரு தழும்பு. ஆறு மாதம் எதிரே உட்கார்ந்திருந்த முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று தோன்றியது. ஊரார் கண்ணைச் சோதிக்கிறவர் வெட்கப்பட்டார்.

வராந்தாக் கோடியில் தலைமையாசிரியரின் பூட்ஸும் அலுவலகத்து அம்மாளின் செருப்பும் நெருங்கி வந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்காரர் பதிவேட்டைத் திறந்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, எட்டாவது வரிமேல் கொண்டுபோனார். கை ஓடவில்லை.

"போறதுக்கு முன்னாடி நீயாவது சொல்லிட்டுப் போம்மா," என்றார். "கேட்டா எல்லாரும் சுத்தி வளைக்கிறாங்க. நீ அந்தக் கடைசி பெஞ்சுலதானே உக்காந்திருந்தே. பதின்மூணு யாரு?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பேனா முனையைப் பார்த்தாள். சின்னதாக ஒரு தடவை செருமிக்கொண்டாள்.

"எட்டை அடிச்சிடுங்க சார், அப்பாவைத் துவைச்சுக் காயப்போட்டவ அவதான். பதின்மூணு இருக்கட்டும், அவளைப் பாத்து நீங்க சிரிச்சதே இல்லை."