காரின் மூளையைத் தேடிக் கழற்றிய கதை

எதைப் பற்றியும் அரைப்பக்கம் எழுதிவிடும் தைரியம் பத்திரிகைக்காரனுக்கு உண்டு. அதை மாமனார் படித்துவிடுவதுதான் ஆபத்து.

எழுபதுகளின் தொடக்கத்தில், 'காருக்கும் மூளை வந்துவிட்டது' என்று ஒரு கட்டுரை எழுதினேன். எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்துவிட இனி ஒரு மின்னணுப் பெட்டி இருக்கும். வண்டி திடீரென்று நின்றால் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம். (வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து எடுத்தது. அப்படி ஒரு காரை நான் தொட்டதுகூட இல்லை.)

என் நிச்சயதார்த்தத்தன்று அப்படி ஒரு கார் அடையாறுக்கு என்னை அழைக்க வந்தது. வருங்கால மாமனார் ஜெர்மனியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. அவர் ஓட்ட, பக்கத்தில் அவருடைய அக்கா, பெண்ணுக்கு அத்தை. பின்னால் நான். பெண் வீடு திருவல்லிக்கேணியில். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம்; அதற்குள் லக்னப் பத்திரிகை வாசித்தாக வேண்டும்.

"தவறித்துன்னா இந்த இடமே வேண்டாம்" என்று அத்தை கிளம்பும்போதே தீர்ப்பு சொல்லியிருந்தார்.

ஒன்பதே காலுக்கு நொச்சிக்குப்பத்தில், மீன் கூடைகளுக்கு நடுவே, கார் நின்றது.

"மாப்பிள்ளை, நீங்கதான் எழுதியிருந்தேளே! அந்தப் பெட்டி எங்கேன்னு பாருங்கோ" என்றார் மாமனார்.

அத்தை மூக்கை மூடிக்கொண்டார். "இந்த மீனுக்கு நடுவுல நான் காலை வைக்க மாட்டேன்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். பானெட்டுக்குள் பெட்டி இல்லை. டேஷ்போர்டைக் கழற்றினேன், இல்லை. பின்சீட்டு, தரைவிரிப்பு, கதவின் உட்பக்கம், ரேடியோ. எல்லாவற்றையும் சாக்கு விரித்து வரிசையாக வைத்தேன். ஒருவர் குனிந்து ஸ்பீடாமீட்டரை விலை கேட்டார்.

பக்கத்தில் மீன் விற்ற அம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"இன்னா நைனா, வண்டிய ஓட்டிக்கினு வந்தியா, கூறு போட்டு விக்க வந்தியா? அல்லாத்தயும் கயட்டிட்டே, அந்தம்மா குந்திக்கினு கீற சீட்ட மட்டும் இன்னாத்துக்கு வுட்டே?"

"அவங்க பெரியவங்க" என்றேன்.

"அதுக்கு? வண்டியோட சேத்தா செஞ்சாங்க?"

மணி பத்தே கால். வேறு வழியில்லை. என் புது அங்கவஸ்திரத்தைத் தரையில் விரித்தேன். அத்தை அதன்மேல் இறங்கி நின்று, கண்ணையும் மூடிக்கொண்டார். சீட்டுக்கு அடியில் வெள்ளி நிறத்தில் மூளை இருந்தது. அத்தை தன் வெற்றிலைப் பெட்டியை உள்ளே தள்ளியதில் அதன் பிளக் கழன்றிருந்தது. அழுத்தினேன். கார் உறுமியது.

கழற்றியதையெல்லாம் சாக்கோடு அள்ளிப் போட்டுக்கொண்டு, பத்து இருபத்தாறுக்குப் பெண் வீட்டில் இறங்கினேன். கையில் ஸ்பீடாமீட்டர், உடம்பெல்லாம் வஞ்சிர மணம். வாசலில் நின்ற கல்யாணப் பெண் வசந்தா சிரித்துவிட்டாள். பத்திரிகை வாசிக்கப்பட்டது, அத்தை வெற்றிலைப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் யாரும் தேடுவதில்லை. "எல்லாரும் எழுந்திருங்கோ" என்பாள் வசந்தா. பெரியவர், சிறியவர் என்ற சலுகை கிடையாது. சென்ற மாதம் என் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்திருந்த ஒன்பது பேரும் காபி டம்ளரோடு எழுந்து நின்றார்கள். கண்ணாடி, மாப்பிள்ளையின் அத்தைக்கு அடியில் இருந்தது.