காட்சிப்பொருள் எண் 312

எங்கள் தீவின் தொல்பொருள் அருங்காட்சியகம், கூரை செப்பனிடும் பொருட்டு ஒன்பது ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, பொதுமக்கள் நலன் கருதி மீண்டும் திறக்கப்பட்டது. ஏதென்ஸிலிருந்து வந்த அமைச்சர் நாடாவை வெட்டினார். காவலாளி கலியோப்பி மூன்றாம் கூடத்துக்குள் போய்த் தன் நாற்காலியைத் தேடினாள்.

அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மேலே விளக்கு. கீழே பலகை: 'எண் 312. இருக்கை. மரம். காலம் ஆய்வில் உள்ளது.'

மூடுவதற்கு முன் கூடத்திலுள்ள பொருள் அனைத்துக்கும் எண் இடுமாறு உத்தரவு. இட்டிருக்கிறார்கள்.

கலியோப்பிக்கு இரண்டு முழங்காலிலும் வீக்கம். நேரே இயக்குநர் அரிஸ்தீதிஸிடம் போனாள்.

"சார், அது நான் உட்கார்ற நாற்காலி."

"எந்த ஆவணத்துல இருக்கு?"

"செஞ்ச ஆளே இருக்காரே."

தச்சன் பந்தெலிஸைக் கூட்டிவந்தாள். அவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். "என் கைவேலைதான். பின்னங்கால் கோணல், பாருங்க."

இயக்குநர் பேனாவைத் திறந்தார். "அரசுப் பதிவேட்டுல ஏறின தொல்பொருளை நீங்க செஞ்சீங்க. அப்போ போலி தயாரிப்பு. அஞ்சு வருஷம் ஜெயில். எழுதிக்கட்டுமா?"

"கோணல் என்னோடது இல்லீங்க," என்றான் பந்தெலிஸ்.

கலியோப்பி விடவில்லை. "அந்த ஒரு எண்ணை அடிச்சுட்டாப் போச்சு."

"ஒரு எண் தப்புன்னா பதிவேடே தப்பும்மா. நாலாயிரம் பொருளையும் திரும்ப எண்ணணும். அதுவரைக்கும் மூடணும். கூடத்துக்கு ஒரு நாற்காலிதான் அனுமதி, அதான் உள்ளே இருக்கே."

செய்தி துறைமுகத்துக்கு வந்தது. படகுக்காரர்கள், விடுதிக்காரர்கள், மீன் உணவகம் நடத்தும் நான், எல்லோரும் அவள் வீட்டுக்கு ஓடினோம். ஒன்பது வருடம் சுற்றுலாப் பயணி முகம் பார்க்காதவர்கள்.

"அக்கா, கொஞ்ச நாள் நின்னுக்கக் கூடாதா?" என்று கேட்டது நான்தான்.

"எட்டு மணி நேரம் நின்னிருக்கியாடா நீ?"

மனுவை நீட்டினேன். அந்த இருக்கை மிகத் தொன்மையானது என்று ஊரே ஒப்பமிட்டிருந்தது. கடைசியில் அவளும் ஒப்பமிட்டாள்.

கூட்டம் குவிந்தது. பளிங்குத் தேவதைகளை விட்டுவிட்டு அந்த நாற்காலியைத்தான் எல்லோரும் படமெடுத்தார்கள். 'எளிமையின் உச்சம்' என்றார்கள். பந்தெலிஸ் நகல் செய்து விற்றான், கோணலோடு. கலியோப்பி ஒன்றை வாங்கி உள்ளே கொண்டுபோனபோது இயக்குநர் மறித்தார்: "அசல் எதுன்னு மக்கள் குழம்பிடுவாங்கம்மா."

மூன்று வருடம் நின்றாள். சென்ற வாரம் ஓய்வு பெற்றாள். சும்மா விடுவோமா? சதுக்கத்தில் பாராட்டு விழா எடுத்தோம். பதினெட்டுப் பேர் பேசினோம். மேடையில் ஒரு நாற்காலி குறைந்தது.

"பரவாயில்ல, அக்காவுக்குப் பழக்கம்தானே," என்றேன் நான், உட்கார்ந்தபடியே.