எவோராவில் யோகம் கைவைத்த தூண்

தெரியாமல் செய்த பிழைக்கு எந்த வீட்டிலும் மன்னிப்பு உண்டு. தெரிந்தே செய்துவிட்டு, தெரியாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பவன் பாடுதான் கஷ்டம். நான் அந்த இரண்டாவது வகை.

எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. சிட்னியில் ஒரு நகரசபையில் பாலமும் வடிகாலும் கட்டி ஓய்வுபெற்றவன். நான் கட்டிய எதுவும் இதுவரை இடிந்து விழவில்லை. இடிந்தது ஒன்றே ஒன்று, என் சொல்லில் என் மனைவி யோகம் வைத்திருந்த நம்பிக்கை. அது விழுந்தது போர்த்துக்கல்லில். சத்தம் மெல்பேர்ன் வரைக்கும் கேட்டது.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் ஒரே மகனுக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. பெண் தர்சிகா, மெல்பேர்ன் பிள்ளை, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அவளுடைய தாயார் வெள்ளிக்கிழமை தவறாமல் கேரம் டவுன்ஸ் கோயிலில் நிற்பவர். ஆசார விஷயத்தில் ஒரு நூலளவும் விட்டுக்கொடுக்க மாட்டார். (நல்ல மனுசி. ஆனால் முதல் சந்திப்பிலேயே என்னுடைய நட்சத்திரத்தைக் கேட்டுவிட்டு 'ஓ' என்று மட்டும் சொன்னவர்.)

ஆனி மாதக் கடைசியில் சிட்னி வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டில் பொன்னுருக்கல் நடந்தது. தாலிக்குரிய பொன்னை உருக்கும் அந்தச் சடங்கு முடிந்தால் கலியாணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் செத்தவீட்டுப் பக்கம் போகக்கூடாது. சொந்தச் சித்தப்பா போனாலும் தொலைபேசியில்தான் அழவேண்டும். கலியாண நாள் ஆவணியில். நடுவில் வருவது ஆடி, ஒரு நல்ல காரியமும் செய்ய ஏலாத மாதம். அந்த இடைவெளியில் லண்டனில் இருக்கும் யோகத்தின் அக்காவுக்குக் கலியாணக் கார்ட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவானது. அப்போதுதான் நான் மெல்ல வாயைத் திறந்தேன். இவ்வளவு தூரம் போகிறோம், இங்கே குளிர், அங்கே கோடை, லண்டனுக்கு முதல் ஆறே ஆறு நாள் போர்த்துக்கல்லின் பழைய நகரங்களைப் பார்த்துவிட்டுப் போனால் என்ன?

நானூறு வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கோயில்களை இடித்தவர்களின் ஊரில் நமக்கு என்ன வேலை என்று யோகம் கேட்டாள். இடித்தவர்கள் தங்களுக்கு என்ன கட்டினார்கள் என்று பார்க்க வேண்டாமா என்றேன். அவள் சரி, பார்ப்போம் என்றாள்.

இப்போது பாவமன்னிப்புக்குரிய பகுதி. எவோரா என்ற சிறு நகரத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் சுவரும் தூணும் மனித எலும்புகளால் ஆனவை. சில நூற்றாண்டுகளுக்கு முன், நிரம்பிப்போன இடுகாடுகளைக் கிளறி, கிடைத்த எலும்பையும் மண்டையோட்டையும் சாந்தில் பதித்துத் துறவிகள் எழுப்பியது. படத்தில் அதைக் கண்ட நாளிலிருந்து எனக்கு ஆசை. கட்டடக்காரனின் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு எப்படிப் பாரம் தாங்குகிறது என்று பார்க்கவேண்டும். பொன்னுருக்கல் முடிந்தவர்கள் அங்கே போகலாமோ என்ற கேள்வி எனக்கும் வராமலில்லை. வந்தது. பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன். எங்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, முப்பத்தொரு நாள். இவர்கள் செத்து எத்தனையோ நூறு வருடம். எந்தத் துடக்கும் எப்போதோ கழிந்திருக்கும். (இந்தத் தீர்ப்பை நான் எந்த ஐயரிடமும் காட்டவில்லை.)

பயணத் திட்டத்தை அச்சடித்து யோகத்திடம் கொடுத்தேன். எவோராவுக்கு நேரே எழுதியிருந்தது: 'பழைய தேவாலயம், சிறியது.'

லிஸ்பன் நன்றாகத்தான் போனது. முதல் நாள் காலை ஒரு கடையில் யோகம் 'பாண்' என்று நம்முடைய சொல்லிலேயே கேட்டாள். (ரொட்டிக்கு நாங்கள் சொல்லும் அந்தச் சொல் அவர்கள் விட்டுப்போனது.) கடைக்காரன் பேசாமல் பாணை எடுத்துக் கொடுத்தான். அந்த ஒரு றாத்தல் பாணோடு அவளுக்கு அந்த நாட்டின்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மூன்றாம் நாள் எவோராவுக்குப் பேருந்தில் வந்தோம். முற்றத்தில் ஆரஞ்சு காய்க்கும் தோடை மரங்கள் நின்ற ஒரு சின்ன விடுதி. நடத்துபவர் கறுப்பு உடுப்பு உடுத்த ஒரு வயதான அம்மா. பெட்டிகளை அறையில் வைத்துவிட்டுப் பத்து மணி வெயிலில் தேவாலயத்துக்கு நடந்தோம்.

வாசலுக்கு மேலே கல்லில் ஏதோ வெட்டியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று யோகம் கேட்டாள். வருகிறவர்களை வரவேற்கிறார்கள் என்றேன். (அதன் உண்மையான பொருளை அந்தப் படத்தின் கீழேயே வாசித்திருந்தேன்.)

உள்ளே அரை இருட்டு. யோகம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே நுழைந்தாள். தூணுக்குத் தூண் உருண்டையும் நீளமுமாய் வரிசை வரிசையாகப் பதித்திருந்ததைப் பார்த்துவிட்டு, சிப்பியும் சங்கும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், எவ்வளவு பொறுமை வேண்டும் என்று வியந்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு அது நல்ல தருணம். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு அவள் ஒரு தூணில் உள்ளங்கையைப் பதித்து, சாய்ந்து நின்று, படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். போனை என்னிடமிருந்து வாங்கி, நான் எட்டிப் பார்ப்பதற்குள் ஏதோ சொல்லி அனுப்பியும் விட்டாள். (அவளுக்கு எழுதுவது கஷ்டம். போனுக்குச் சொன்னால் அது எழுதும்.) கை மட்டும் தூணைவிட்டு வரவில்லை. அந்தக் கல் குளிர்ச்சியாக இருந்ததாம்.

இரண்டு நிமிடத்தில் போன் கிணுங்கியது. அதை வாசிக்கக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வாசிப்புக் கண்ணாடியைப் போட்டாள். வாசித்தாள். மறுபடி வாசித்தாள். போனை என் பக்கம் திருப்பினாள்.

அவள் படத்தை அனுப்பியிருந்தது இரண்டு குடும்பமும் இருந்த கலியாணக் குழுவுக்கு. கீழே அவளுடைய வார்த்தைகள்: 'பழைய கோயில். நல்ல வேலைப்பாடு. மணவறைத் தூணுக்கு இந்த டிசைன் வடிவாயிருக்கும், கேட்டுப் பாருங்கோ.' அதற்குக் கீழே தர்சிகாவின் பதில்: 'அன்ரி, உங்கட கைக்குக் கீழ இருக்கிறது மண்டையோடோ?'

யோகம் நிமிர்ந்து பார்த்தாள். வாசிப்புக் கண்ணாடிக்குத் தூரத்துப் பொருள் தெரியாது. தூண் தூரத்தில் இல்லை. ஒரு முழம்கூட இல்லை.

அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. தூணிலிருந்து கையை எடுத்து, உடம்பில் படாமல் பக்கவாட்டில் நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே திரும்பி, வெளியே போய், வெயிலுக்குள் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். விடுதிக்குப் பத்து நிமிட நடை. அவ்வளவு தூரமும் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு டாக்சிக்காரர் தன்னைத்தான் மறிக்கிறாள் என்று நிறுத்தி, கதவையும் திறந்துவிட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

விடுதி வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே போய்க் குளிக்கும்படி சொன்னேன். தேவாலயத்தை விட்டு வந்தபின் அவள் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

"செத்தவீட்டாலை வந்தால் குளிச்சிட்டு வீட்டுக்குள்ளை போறதோ, வீட்டுக்குள்ளை போய்க் குளிக்கிறதோ?"

குளியலறை அறைக்குள் இருக்கிறது. அறைக்குள் பெட்டி. பெட்டிக்குள் மூலையில் மஞ்சள் தடவிய கலியாணக் கார்ட். வாழ்நாள் முழுவதும் தண்ணீர் எங்கே வரவேண்டும், எங்கே போகவேண்டும் என்று வரைபடம் போட்டவனுக்கு இதற்கு வழி தெரியவில்லை.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.

"அந்த வாசல்லை என்ன எழுதியிருந்தது?"

இங்கே கிடக்கும் எலும்புகள் உங்களுடைய எலும்புகளுக்காகக் காத்திருக்கின்றன என்று எழுதியிருந்ததைச் சொன்னேன்.

"அதைத்தான் வரவேற்பு எண்டனீங்களோ."

கேள்வியாகக் கேட்கவில்லை. 

அந்த நேரம் கறுப்புடுப்பு அம்மா முற்றத்தில் தோடை மரங்களுக்கு ஓஸ் பைப்பால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் போர்த்துக்கேயம் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் கண்ணை மூடித் தலையைச் சரித்துப் பிணம்போல் நடித்தேன். தேவாலயப் பக்கம் கையைக் காட்டினேன். பிறகு எங்கள் இருவர் தலையிலும் தண்ணீர் ஊற்றுவதுபோல் காட்டினேன். அந்த அம்மா யோகத்தின் நீட்டிய கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். முற்றத்தின் பக்கக் கதவைத் திறந்து யோகத்தைக் கூட்டிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தினார். தண்ணீரின் வேகத்தைக் குறைத்து, பெற்ற பிள்ளைக்கு வார்ப்பதுபோல் உச்சியிலிருந்து வார்த்தார். அந்தக் கையை மட்டும் மூன்று தரம் கழுவினார். முற்றத்தில் காலைச் சாப்பாட்டில் இருந்த ஒரு தம்பதி கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய்விட்டார்கள்.

அடுத்தது நான். முழுக் காற்சட்டை, சப்பாத்து, சட்டைப் பையில் கடவுச்சீட்டு. எனக்கு அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு நிமிடத்தில் போதும் என்று குழாயைப் பூட்டப் போனார். யோகம் ஒரு விரலைக் காட்டித் தடுத்தாள்.

"இவருக்கு இன்னும் கொஞ்சம்" என்றாள் தமிழில். அது அந்த அம்மாவுக்கு விளங்கியது.

ஈரம் சொட்டச் சொட்ட நிற்கும்போதே மெல்பேர்னிலிருந்து அழைப்பு வந்தது. தர்சிகாவின் தாயார். குளிக்கமுன் மேசையில் வைத்த போனை எடுத்து யோகம் என்னிடம் நீட்டினாள். தெரிந்து கூட்டிக்கொண்டு போனவர்தான் கதைக்க வேண்டும் என்று கண்ணாலேயே சொன்னாள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. படத்தில் கண்டது, திட்டத்தில் 'சிறியது' என்று எழுதியது, துடக்குக் கணக்குப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் அமைதியாக, கலியாணத்துக்கு இந்த நாளை வைத்திருக்கலாமோ, இல்லையோ என்று ஐயரிடம்தான் கேட்கவேண்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

மண்டபம் பிடித்தாயிற்று, கார்ட் அடித்தாயிற்று. ஆனால் யோகத்தின் கவலை அதல்ல. ஆவணியை விட்டால் அந்த இரண்டு சாதகத்துக்கும் அடுத்த நல்ல நாள் தைக்குப் பிறகுதான். அதற்குள் சம்பந்தி வீட்டில் ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் அது இந்தத் தூணில் வந்து நிற்கும். மாப்பிள்ளை வீட்டுச் சகுனம் என்று யாராவது ஒரு சொல் சொன்னால், தர்சிகா எங்கள் வீட்டில் காலடி வைக்கும் நாளிலிருந்து அதைச் சுமக்க வேண்டும். இதையெல்லாம் யோகம் என்னிடம் சொல்லவில்லை. அன்றே அறையைக் காலிசெய்து கோயிம்ப்ரா என்ற அடுத்த நகரத்துக்குப் போன பேருந்தில், குளித்த தலையைத் துவட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தபோது தனக்குத்தானே முணுமுணுத்ததைக் கேட்டேன்.

கோயிம்ப்ராவைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். புகழ்பெற்ற பழைய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறதாம். யோகம் ஒவ்வொரு வாசலிலும் நின்று காவலாளியைக் கூப்பிட்டு, தன் முழங்கையைத் தட்டிக் காட்டி, உள்ளே இது இருக்கிறதா என்று சைகையில் கேட்டாள். ஒருவர் அவளுக்குக் கை முறிந்துவிட்டதாக நினைத்து உட்காரும்படி ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார்.

மறுநாள் மத்தியானம் அங்கே ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போது தர்சிகாவே யோகத்துக்கு எடுத்தாள். நானும் கேட்க யோகம் போனைச் சத்தமாக வைத்தாள். அது எனக்குத் தண்டனையாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

அந்தப் பிள்ளையின் குரலில் பதற்றம் இல்லை. ஐயரிடம் போக வெளிக்கிட்ட அம்மாவைத் தானே மறித்ததாகச் சொன்னாள். பொன்னுருக்கிய அடுத்த நாளிலிருந்து இன்றுவரை தான் எங்கே போய் வருகிறேன் என்று தாயிடம் கேட்டாளாம்.

"மாமி, நான் டெய்லி பாக்கிறது எலும்புதானே. ஆஸ்பத்திரியில சாவு இல்லாத நாள் எது? அதுக்கு அம்மா ஒண்டும் சொல்லேல்ல. அப்ப உங்களுக்கு மட்டும் என்னெண்டு சொல்லுறது? நாள் அதே நாள்தான். அம்மாவும் ஓம் எண்டிட்டா."

அதுவரை அவள் யோகத்தை அன்ரி என்றுதான் கூப்பிட்டிருந்தாள். மாமி என்றது அன்றுதான் முதல்முறை. யோகம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் நகர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றதும், என்னை அல்ல, எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னாள்: எலும்பு இருக்கட்டும், வாசலில் நான் கேட்டபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாற்பது வருடம் நீங்கள் வாசித்துச் சொன்னதையெல்லாம் நம்பியிருக்கிறேன்.

நான் எழுந்து அவளுடைய பையையும் தூக்கிக்கொண்டேன். 

கலியாணம் குறித்த நாளில், குறித்த மண்டபத்தில் நடந்தது. மணவறைத் தூணில் வாழையும் மல்லிகையும்தான்.

இப்போது எங்கள் வீட்டில் நான் எந்த இடத்துக்கும் போகலாம் என்று வாயெடுக்க ஏலாது. மகன், மருமகள், லண்டன் அக்கா, யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உள்ளுக்குள்ளை ஆரும் இருக்கினமோ?" கடற்கரை என்றாலும் கேட்கிறார்கள், கடைத்தெரு என்றாலும் கேட்கிறார்கள்.

போன ஆனியில் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போக ஆசைப்பட்டேன். வழக்கம்போலத் தர்சிகா கேட்டாள். எகிப்து மண்டபத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கான வருடமாகப் படுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். முதலிலேயே, கேட்ட உடனே, ஒளிக்காமல். யோகம் என்னை ஒரு கணம் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகினமாதிரித்தான் எனக்குத் தெரிந்தது.

"உண்மையைச் சொன்னபடியால் நீங்கள் மட்டும் போயிட்டு வாங்கோ" என்றாள். "வரேக்கை முன்கதவாலை வராதேங்கோ."

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பின்வளவில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் துவாயும் சாரமும் மடித்து வைத்திருந்தாள். சிட்னியின் ஆனி மாதக் குளிரில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு தலையில் தண்ணீர் விட்டேன். குசினி ஜன்னலில் நின்று யோகம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குழாயைப் பூட்டக் கையை நீட்டினேன். அவள் ஒரு விரலைக் காட்டினாள்.