அக்காவின் கண்ணில் விழுந்த வெள்ளி

எனக்குத் தமிழும் பிரெஞ்சும் ஒரே அளவுக்கு நன்றாகத் தெரியும். இதை யார் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், என் அக்கா பிலோமினா முன்னால் தவிர. இந்த இரண்டு பாஷைகளையும் வைத்துக்கொண்டு அவள் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை பாஸ் செய்திருந்தேன். அந்தக் காலத்துப் புதுச்சேரியில் பிரெவே பாஸ் செய்தவனுக்குக் கால் தரையில் படாது. போதாக்குறைக்கு ஒரு பழைய நிகண்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இனி தூய தமிழில்தான் பேசுவது என்று விரதம் வேறு. (விரதம் என்பதே வடசொல் என்று அப்போது எனக்குத் தெரியாது.)

அக்காவுக்குக் காலாப்பட்டிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை அருளப்பன், பஞ்சாலையில் மேஸ்திரி. தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது அத்தை சவேரியம்மாள். பரிசம் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா முக்காடு போட்டுக் குனிந்த தலை நிமிராமல் பாயில் உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று அம்மாவின் உத்தரவு.

மாப்பிள்ளையின் ஞானத்தகப்பன், ஊரே முசே என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிடும் லாசர், எழுந்தார். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ரசம் கேட்பது தமிழில்தான் என்றாலும் சபையில் பிரெஞ்சு தவிர வேறு பேசமாட்டார். ஐந்து நிமிஷம் பேசினார். காலாப்பட்டுக்காரர்கள் ஒன்றும் புரியாமல் பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டேய் ராயப்பா, முசே சொன்னதத் தமிழ்ல சொல்லுடா. அவங்களுக்கும் புரியணும்ல?" என்றார் அப்பா பெருமையாக.

நானும் காத்துக்கொண்டுதானே இருந்தேன்! வாழ்த்து, குடும்பப் பெருமை எல்லாவற்றையும் வெண்ணெய் மாதிரி மொழிபெயர்த்தேன். கடைசியில் மணப்பெண்ணின் கண்களை அவர் 'எத்துவாலே' என்றிருந்தார். எத்துவால் என்றால் நட்சத்திரம். 'நட்சத்திரம் மாதிரி மின்னுற கண்ணு' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் நட்சத்திரம் வடசொல். நிகண்டில் அதற்கு இருந்த மற்றச் சொற்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உடு என்றால் சேலை உடுத்தச் சொல்வதாக நினைப்பார்கள். மீன் என்றால், காலாப்பட்டுக்காரர்கள் என்ன மீன் என்று கேட்பார்கள். தாரகையும் வடமொழி. மிச்சம் இருந்தது வெள்ளி. எவ்வளவு யோசித்திருக்கிறேன் பாருங்கள்!

குரலை உயர்த்தி முடித்தேன்: "எங்கள் மணமகள், வெள்ளி விழுந்த கண்ணாள்!"

கைதட்டலுக்காக நின்றேன்.

சவேரியம்மாள் முன்னால் நகர்ந்தாள். "இன்னா தம்பி சொல்ற? பொண்ணுக்குக் கண்ணுல வெள்ள வுழுந்து பார்வ மங்கிடுச்சா?"

"வெள்ளை இல்லை அம்மா, வெள்ளி."

"எதுவா இருந்தா இன்னா? வுழுந்திருக்குன்னு நீதான சொன்ன? கூடப் பொறந்தவன் பொய்யா சொல்லுவ?" பரிசத் தட்டைப் பட்டுப்புடவையோடு தன் மடிப் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அதான் பொண்ணு தலய நிமித்தாம ஒக்காந்திருக்குதா?"

அப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சமையல்கட்டு வாசலில் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் மட்டும் தளரவில்லை. படித்த மனிதர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறாரே!

"முசே, எத்துவாலே என்றால் என்ன பொருள் என்று நீங்களே சொல்லுங்கள்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சபை வரலாற்றிலேயே முதல் தடவையாகத் தமிழில் பேசினார். கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி நிதானமாக:

"அதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. ஒண்ணு, நட்சத்திரம் நெறஞ்சது. இன்னொண்ணு, கல்லடி பட்ட கண்ணாடி நாலா பக்கமும் விரிசல் வுட்டிருக்குமே, அது."

"மாதாவே! விரிசல் வேறயா?" என்று எழுந்தே விட்டாள் சவேரியம்மாள். அவளோடு காலாப்பட்டு முழுவதும் எழுந்தது. அருளப்பன் மட்டும் உட்கார்ந்தபடி, எழுவதா வேண்டாமா என்று அத்தையையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் அக்கா தலையை நிமிர்த்தினாள். முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, இருந்த இடத்திலிருந்தே சவேரியம்மாளைப் பார்த்தாள்.

"அத்த, ஒங்க எடது காதுத் தோட்டுல அடிக்கல்லு ஆடுது. வாசப்படி தாண்டுறதுக்குள்ள வுழுந்துடும். தொட்டுப் பாருங்க."

சவேரியம்மாள் காதைத் தொட்டாள். கடுகளவு சிவப்புக் கல் அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதைப் பார்த்தாள். பத்தடி தூரத்தில் இருந்த அக்காவைப் பார்த்தாள்.

"அடி ஆத்தே! இது எங்க தாத்தா எனக்குப் போட்ட தோடுடி. வழியில வுழுந்திருந்தா எங்கன்னு போய்த் தேடுவேன்?" என்றபடி அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தட்டை அக்காவின் கையில் அவளே கொடுத்தாள்.

அருளப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் நட்சத்திரம் எதுவும் இல்லை. "பேசினது போதும். போய்ப் பலகாரத்த எடுத்துட்டு வா" என்றாள். எடுத்து வந்தேன். கல்யாணத்தன்றும் எனக்குப் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான். சாப்பிடுகிறவர்களிடம் வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அத்தானும் அக்காவும் ஆறு பிள்ளைகள் பெற்றார்கள். அந்த ஆறுக்கும் பிள்ளைகள் வந்துவிட்டன. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும், ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போகுமுன் என் மடியில் கொண்டுவந்து கிடத்துவார்கள். "மாமா, கண்ணு எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். சுற்றிலும் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நானும் இமையைத் தூக்கி, வெளிச்சத்தில் காட்டி, நன்றாகப் பார்ப்பேன். "நல்லா இருக்குது" என்பேன். அதற்குமேல் ஒரு சொல் சொல்லக் கூடாதென்று அக்காவின் உத்தரவு.