மாமனாரை வரிசையில் நிறுத்திய லிங்கர்

‘அரை மணி நேர வேலைதான்’ என்று சொல்லும் சாஃப்ட்வேர்காரனை நம்பாதீர்கள். என் நிச்சயதார்த்தத்தன்று காலையில் அப்படிச் சொன்னவன் நான்.

கீழவாஞ்சூர் சாலையில் நிலக்கரி லாரிகளை எடை போடும் மேடை ஒன்று. அங்கே புதுக் கணினி வந்திருந்தது. எடையைப் படித்துச் சொல்லும் லைப்ரரியை (புத்தகம் அடுக்கும் இடமல்ல, தயாராக எழுதி வைத்த நிரல்) அதில் ஓடும்படி மாற்றித் தர வேண்டும். ஓடிவிடும் என்ற திமிரில் பழைய கணினியில் இருந்ததையெல்லாம் முதலிலேயே அழித்துவிட்டேன்.

நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் நாற்பது பிழை காட்டியது. திருத்தினேன். அடுத்து, துண்டுகளைக் கோத்து முழு நிரலாக்கும் லிங்கர், நான் புதிதாக எழுதிய ஃபங்ஷன் என்ற நிரல் துண்டு எங்கேயுமே இல்லை என்றது. (கண்ணெதிரே இருக்கிறதே, சனியனே!) மறுபடி மறுபடி எழுதினேன். இல்லை என்றே சாதித்தது. எடைச் சீட்டு இல்லாமல் ஒரு லாரியும் நகர முடியாது. மணி மூன்று. ஐந்தரைக்குத் தருமபுரத்தில் நிச்சயம்.

கதவு படாரென்று திறந்தது.

“எந்தக் கூமுட்டடா மிசின மாத்துனது? எம் பொண்ணுக்கு இன்னக்கி நிச்சயம்டா!”

திரும்பினேன். வருங்கால மாமனார். சொந்த லாரியில் ஒரே ஒரு நடை அடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பியவர், பத்து மணியிலிருந்து வரிசையில் நின்றிருக்கிறார்.

“மாப்ள... நீங்களா? பொறுமையா பாருங்க. அவசரமில்ல.”

சொல்லிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார். பெண் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான், அதுவரை படிக்காமல் தள்ளிவிட்ட வரிகளை முதலிலிருந்து படித்தேன். முந்தின நாள் அரைகுறையாகச் செய்த லைப்ரரி ஒன்றை, ‘இருக்கட்டும்’ என்று வேறொரு ஃபோல்டரில் போட்டிருந்தேன். லிங்கர் காலையிலிருந்து அதைத்தான் திறந்து தேடியிருக்கிறது. அதை அழித்ததும் எல்லாம் ஓடியது.

“ஆயிட்டுங்களா? என்னவாம்?”

“பழசு ஒண்ணு கெடந்துச்சு மாமா. நான்தான் போட்டு வச்சிருந்தேன்.”

அவர் எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு லாரிக்கு நடந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மணி ஐந்தாகிவிட்டதால் வேறு வழியில்லாமல், நிலக்கரி லோடோடு அவர் லாரியிலேயே இருவரும் நிச்சயத்துக்குப் போய் இறங்கினோம். கை கழுவக்கூட நேரமில்லாமல் அவர் எனக்குச் சந்தனம் வைத்தார்.

இன்றும் ஆல்பத்தில் என் நெற்றியில் பெரிய கருப்புத் தீற்றல். திருஷ்டிப் பொட்டா என்று விருந்தாளிகள் கேட்பார்கள்.

“இவங்க செஞ்ச வேலைக்கி யாருங்க கண்ணு வைப்பா? அது எங்கப்பா கட்ட வெரலு” என்பாள் என் மனைவி.