காற்று வாங்கப் போகிறவர்

ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் ஓர் இனம் உண்டு. இவர்களுக்கு நோய் என்று எதுவும் கிடையாது. அடிக்கடி காற்று வாங்கப் போவார்கள், அவ்வளவுதான். டொமினோ ஆட்டம் சூடுபிடிக்கும்போது காய்களைக் கவிழ்த்துவிட்டு எழுவார்கள். பேருந்தில் கதவோர இருக்கை, தேவாலயத்தில் கடைசி வரிசை, வெளியே கிளம்பும்முன் தண்ணீருக்குத் தடை, எந்த வெயிலிலும் கறுப்புக் கால்சட்டை. எல்லாம் காற்றுக்காக. அந்தக் காற்று ஏன் கழிப்பறைக்குள் மட்டும் வீசுகிறது? கேட்டுப் பாருங்களேன், அடிக்க வருவார்கள்.

டொமினிக்கன் நாட்டில் எங்கள் பானி ஊரில் இந்த இனத்துக்குத் தலைவர் எலாதியோ. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். தலைநகர்ச் சாலையில் எந்த மரம் எவ்வளவு மறைவு என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மளிகைக்கடை வாசலில் எங்கள் டொமினோ மேசைக்கு வைத்தியரும் அவரே: முள்சீத்தா இலைக் கஷாயம், வறுத்த பூசணி விதை.

ஒருநாள் முடிதிருத்தும் தூலியோ தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மச்சான், எனக்குச் சொட்டுச் சொட்டாத்தான் போகுது. டாக்டர்கிட்ட காட்டலாம்னு பார்க்கறேன்."

எலாதியோ காயை மேசையில் ஓங்கி அறைந்தார். "போடா, போ! அந்த டாக்டர் பொண்ணு கையுறைய மாட்டிக்கிட்டு பின்னாடி விரலை விடும். வரும்போது உன் பொண்டாட்டி பாவாடைய இடுப்புல சுத்திக்கிட்டு வா!"

மேசையே சிரித்தது. தூலியோவும் சிரித்தார். டாக்டரிடம் மட்டும் போகவில்லை.

அந்தத் தூலியோவின் மகள் கல்யாணத்தில்தான் எலாதியோவுக்குக் காற்று நின்றது. ஆட்டுக்கறி, குளிர்ந்த பீர், மேலும் பீர். காற்று வாங்கப் போனார், வெறுங்கையோடு திரும்பினார். மறுபடி போனார். ஒரு சொட்டு இல்லை. வயிறு கல்லாகிவிட்டது. குனிந்து, கால்களைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அவர் துள்ளிய துள்ளலைப் புது மெரெங்கே நடனம் என்று நினைத்து கல்யாணக் கூட்டமே சுற்றி நின்று கைதட்டியது. அவர் மனைவி சுனில்தா மட்டும் தட்டவில்லை.

"யோவ், இது ஆட்டமில்ல. வண்டியில ஏறுய்யா!"

மருத்துவமனையில் இருந்தது அதே பெண் டாக்டர்.

"ஆம்பள டாக்டர் யாரும் இல்லையாம்மா?"

"சாயங்காலம் வருவார் ஐயா. காத்திருக்கீங்களா?"

"ஐயோ தாயே, நீயே பண்ணு! உன் காலுல விழறேன்!"

குழாய் உள்ளே போனது. வெள்ளம் வெளியே வந்தது. சின்ன வயதிலிருந்து அழாத எலாதியோ குலுங்கிக் குலுங்கி அழுதார். தன் பேத்திக்கு அந்த டாக்டரின் பெயரை வைப்பதாகச் சத்தியமும் செய்தார். பிறகு, சுனில்தா விடாப்பிடியாக நின்றதால், அந்த விரல் சோதனையும் நடந்தது.

"முடிஞ்சது ஐயா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கு, அது சிறுநீர்ப் பாதைய நெருக்குது. ரத்தப் பரிசோதனையும் பார்த்துடுவோம்."

புற்று இல்லை, மாத்திரை போதும் என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் மனிதர் தூலியோவின் கடைக்கே போய், பாதி முடி வெட்டிய வாடிக்கையாளரை நாற்காலியில் விட்டுவிட்டு, தூலியோவைக் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப்போனார்.

"பாவாடை என்னாச்சு மச்சான்?" என்றார் தூலியோ.

"நான் கட்டிக்கறேன். நீ வா."

தூலியோவுக்கு இருந்தது. புற்று. சின்னது, சுரப்பியைத் தாண்டவில்லை, குணப்படுத்தலாம் என்றார் டாக்டர். அறுவை நடந்த அன்று எலாதியோ மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்தார்; காற்று வாங்கக்கூட எழவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் நான் சிரிக்க வச்சிருந்தா?" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். தூலியோ பிழைத்தார், இப்போது எலாதியோவுக்கு முடிவெட்டும்போது, காதருகே கத்தரியை வைத்துக்கொண்டுதான் அந்தப் பாவாடைக் கதையை எடுப்பார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியபோது இருந்த மாதிரி உட்கார முடியவில்லையே, ஏன் அப்படி நெளிகிறீர்கள்? சரி, வெட்கப்படாமல் போய்விட்டு வாருங்கள். வீட்டில் கேட்டால் மட்டும், காற்று என்று சொல்லாதீர்கள்.