ஐந்து வகை நெருப்பும் ஒரு பாக்கெட் பாலும்

என் வாழ்க்கையில் நான் காட்டுக்குப் போனதே இல்லை. ஆனால் நடுக்காட்டில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டால் நெருப்பு மூட்டுவதற்கு ஐந்து வகைக் கருவிகள் வைத்திருந்தேன். இப்படிப்பட்ட ஆள் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து தீப்பெட்டியை அவன் கண்ணில் படாமல் ஒளித்து வையுங்கள். அனுபவஸ்தன் சொல்கிறேன்.

அலுவலகத்தில் மலையேற்றம் போகலாம் என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். வழக்கம்போல மலை அங்கேயே இருந்தது, நாங்களும் இங்கேயே இருந்தோம். ஆனால் அந்த வேகத்தில் நான் ஒரு குட்டி கேம்பிங் அடுப்பும் பற்றவைக்கும் சாமான்களும் ஆன்லைனில் வாங்கிக் குவித்துவிட்டேன். உரசினால் பொறி பறக்கும் கறுப்புக் கம்பி. புயலிலும் அணையாத லைட்டர். சார்ஜ் போடும் மின்சார லைட்டர். நனைந்தாலும் எரியும் தீக்குச்சி. வெயிலைக் குவிக்கும் பூதக்கண்ணாடி. ஐந்தையும் ஒப்பிட்டு எக்செல்லில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டேன். (எதையும் ஒருமுறைகூடப் பற்றவைத்துப் பார்க்கவில்லை. அது வேறு விஷயம்.)

அந்தச் சமயத்தில்தான் திருநின்றவூரில் வாடகை வீடு மாறினோம். முந்தைய வீட்டில் பால் காய்ச்சாமலே குடியேறியிருந்தோம். பதினோரு மாதத்தில் மோட்டார் மூன்று தடவை எரிந்தது, சாக்கடை கூடத்துக்கு வந்தது, கடைசியில் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று எங்களைக் காலி பண்ணச் சொன்னார். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் காய்ச்சாத பால்தான் என்பது என் மனைவி சுமதியின் முடிவு.

“இந்த வீட்டுலயாவது நாலு வருஷம் நிம்மதியா இருக்கணுங்க. பால் பொங்காம ஒரு சாமான் உள்ள வரக்கூடாது” என்றாள்.

வெள்ளிக்கிழமை. ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். சேக்காட்டிலிருந்து மாமனார் வந்திருந்தார். ஆவடியில் தொழிற்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் சொன்னதும் சிகரெட்டை ஒரே நாளில் விட்டவர். “மனசு வெச்சா முடியாதது எதுவும் இல்ல மாப்ள” என்று மாதம் ஒருமுறையாவது எனக்குப் பாடம் எடுப்பார்.

“இண்டக்‌ஷன்ல பொங்கற பால் காப்பிக்குத்தான் ஆகும். நெருப்புல பொங்கணும்” என்று அவர் சொன்னதும் என் கேம்பிங் அடுப்புக்கு வாழ்வு வந்தது. தீப்பெட்டியைக் கைப்பையில் வைக்கப்போன சுமதியைத் தடுத்து, “நெருப்பு என் பொறுப்பு. உன் தீப்பெட்டியை மூட்டையில போடு” என்றேன். போட்டாள். அந்த மூட்டை, குட்டியானை வண்டியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் அடியில் போனது. என் பைக்கும் அதன் மேலேயே ஏறியது.

ஒன்பது இருபதுக்கு வெறும் அடுப்படியில் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புயல் லைட்டரை அமுக்கினேன். டிக். மறுபடி டிக். கேஸ் நிரப்பாமல்தான் அனுப்புவார்களாம், பெட்டியிலேயே எழுதியிருந்தது. மின்சார லைட்டரில் சார்ஜ் இல்லை, புது வீட்டில் கரண்டும் இல்லை. நனைந்தாலும் எரியும் தீக்குச்சியை முந்தைய வாரம் பெட்டியோடு டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு, குச்சி உப்பவில்லை என்பதற்காக ஒன்பது மதிப்பெண் கொடுத்திருந்தேன். குச்சி நன்றாகவே இருந்தது. உரசும் பட்டைதான் கரைந்து போயிருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினால், வருஷம் முழுக்க மண்டையைப் பிளக்கிற எங்கள் ஊர் வெயில் அன்றைக்குப் பார்த்து மேகத்துக்குள் போயிருந்தது.

“பக்கத்து வீட்டுல கேக்கறேன்” என்று போன சுமதி வெறுங்கையோடு வந்தாள். “வெள்ளிக்கிழமை நெருப்பு குடுக்க மாட்டாங்களாம். தப்பா நெனச்சுக்காதம்மான்னு ஒரு முழம் பூ குடுத்தாங்க.”

“நான் வேணா கடைக்கு நடந்து போயிட்டு வரட்டுமா மாப்ள?” என்றார் மாமனார், கொஞ்சம் அவசரமாகவே. கடை ஒரு கிலோமீட்டர்.

“ஒரே நிமிஷம் மாமா!” என்றேன். திமிர், வேறென்ன?

“அப்ப வண்டியப் பாத்துட்டு வரேன்” என்று வெளியே போனார். காலையிலிருந்து அவர் வண்டியைப் பார்ப்பது அது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டு தடவையும் வாயில் கிராம்பை மென்றுகொண்டு திரும்பி வந்திருந்தார். பெண்ணின் சாமான்மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்து போனேன்.

கடைசியாகக் கறுப்புக் கம்பி. அடுப்பின் கேஸைத் திறந்துவிட்டு உரசினேன். பொறி வரவில்லை, கறுப்புத் தூள்தான் கொட்டியது. வீட்டுக்காரர் புதிதாக வெள்ளை அடித்திருந்த சுவர், என் வேட்டி, மூக்கு எல்லாம் கறுப்பு. (மேல்பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் உரச வேண்டுமாம். பிறகு படித்தேன்.)

“ஏங்க, பத்து ஆச்சு. வேணாங்க, விட்டுருங்க” என்றாள் சுமதி. எனக்கு அவமானத்தில் வெறி பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தேன்.

அதுவரை திறந்தே கிடந்த கேஸ் மொத்தமும் ‘புஸ்’ஸென்று பற்றியது! என் மீசையின் இடது பாதி கருகி நாறியது. வேட்டி நுனியில் தீ. கையிலிருந்த கம்பி, நான் உதறிய வேகத்தில் ஜன்னல் வழியாகப் பறந்து காலி மனையின் முட்புதருக்குள் போனது. “ஐயோ, தண்ணி! தண்ணி!” என்று அலறிக்கொண்டே கைக்குக் கிடைத்ததை எடுத்து ஊற்றினேன்.

கைக்குக் கிடைத்தது பால்.

வேட்டியும் அணைந்தது, அடுப்பும் அணைந்தது. சுமதி குங்குமம் வைத்த காலிப் பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது. காப்பிக்கு வாங்கிய இன்னொரு பால் பாக்கெட் இருந்தது. நெருப்புதான் இல்லை. மணி பத்து ஐந்து.

அலறல் கேட்டு வண்டி டிரைவர் மூர்த்தி ஓடிவந்தார். பின்னாலேயே மாமனார்.

“இன்னா சார் ஆச்சு? மூஞ்சி இன்னா இப்டி கீது?”

“தீப்பெட்டி இல்லண்ணா” என்றாள் சுமதி அழுகையோடு.

“அடக் கடவுளே, தீப்பெட்டிக்கா இம்மா நேரம்? நல்ல நேரம் இன்னும் வர்லன்னு நெனச்சிகினு நான் வெளிய குந்திகினு கீறேன்! பெரியவர்கிட்ட கீதேம்மா! இப்பத்தான ரெண்டு பேரும் பத்த வெச்சோம்!”

மாமனார் மின்விசிறி இல்லாத கொக்கியை அண்ணாந்து பார்த்தார்.

“அது... கோயில்ல கற்பூரம் ஏத்தறதுக்கு வெச்சிருந்தேம்மா.”

“எந்தக் கோயில்ப்பா?”

வாயிலிருந்த கிராம்பை மாமனார் வேகமாக மென்றார்.

“எடுங்கப்பா.”

வேட்டியை விலக்கி, பட்டாபட்டி டிராயர் பாக்கெட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஒரே உரசல். பத்து பதின்மூன்றுக்குப் பால் பொங்கியது. “பொங்கிடுச்சு! பொங்கிடுச்சு!” என்று சுமதி என் தோளைக் குலுக்கிச் சிரித்தாள். எனக்கும் உயிர் வந்தது. அந்தச் சிரிப்போடே திரும்பி, “அப்பா, சாயங்காலம் பேசிக்கலாம்” என்றாள். மாமனார் முகத்தில் ராகு காலம் கால் மணி நேரம் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டது.

அதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். மோட்டார் எரியவில்லை. மாமனார் இந்தத் தடவை நிஜமாகவே சிகரெட்டை விட்டுவிட்டார், மகள் வாரம் ஒருமுறை பாக்கெட்டைச் சோதிக்கிறாள். என் எக்செல்லில் ஆறாவதாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறாள்: ‘அப்பாவின் டிராயர் பாக்கெட். மழைக்கும் காற்றுக்கும் தாங்கும். பத்துக்குப் பத்து.’

போன மாதம் சுமதியின் சித்தப்பா மகன் அம்பத்தூரில் வீடு மாறினான். பால் காய்ச்ச மாமனாரைப் போனில் அழைத்தான்.

“பால், சக்கரை எல்லாம் ரெடி பெரியப்பா. நெருப்பு நீங்க கொண்டாந்துருவீங்கல்ல?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மீசையை மாமனார் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார்.

“என்கிட்ட இப்ப ஏதுடா? மாப்பிள்ளையக் கூப்பிடு. அவர்கிட்ட அஞ்சு வகை இருக்கு. ஆனா பால் மட்டும் ரெண்டு பாக்கெட்டா வாங்கி வெச்சுக்கோ.”